சந்தேகத்தின் பலன்

வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால் வக்கீலம்மா உடனே குடையை எடுக்க மாட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்ப்பார். கையில் நாலு சொட்டு விழுந்த பிறகுதான் குடை. சொன்ன நான் தலை நனைந்து எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். ஆறு வருஷம் அங்கே டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அந்தப் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். பழைய வீடியோவும் அதன் கீழே ஊர் எழுதிய வசைகளும் மறுபடி மேலே வரும்.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கினால் அள்ளின குவியலிலிருந்து நடுவில் ஒன்றை எடுத்து உடைத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டச் சொல்வார். திண்டிவனம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் "மயிலம் ரோட்ல நிக்கும்மா" என்று சொல்லியிருப்பார். ஏறின பிறகு டிரைவரிடம் ஒரு தடவை, பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஒரு தடவை கேட்பார். கண்டக்டருக்குக் கோபம் வரும். "நான் சொன்னா நம்ப மாட்டியாம்மா?" என்பார். "நீங்க புதுசா மாறி வந்திருந்தா?" என்பார் இவர்.

நாள் முழுவதும் அவர் வாயில் வருவது ஒரே கேள்விதான். "நீ பாத்தியா, கேட்டியா?"

மாமியார் அடித்தாள் என்று சொல்கிற மருமகளிடமும் அதுதான், வரப்பை வெட்டிவிட்டான் என்று வருகிற விவசாயியிடமும் அதுதான். பார்த்தது இடது பக்கம், கேட்டது வலது பக்கம் என்று காகிதத்தின் நடுவில் கோடு போட்டு எழுதுவார். பெரும்பாலும் வலது பக்கம் நிரம்பி வழியும், இடது பக்கம் காலியாக இருக்கும். ஜெயிலிலிருந்து வருகிறவர்கள், "சத்தியமா நான் பண்ணலம்மா" என்று அழுவார்கள். மற்ற வக்கீல்கள் ஒரு ஆறுதலுக்காவது "தெரியும்பா, நீ பண்ணியிருக்க மாட்ட" என்பார்கள். வக்கீலம்மா பேனாவை மூடாமல், "சரி, அப்புறம்?" என்பார். அந்த ஆபீசில் எந்தக் கட்சிக்காரரிடமும் "நம்புறேன்" என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு முப்பது தாண்டி ஒரு வரன் வந்தது. மண்டகப்பட்டுப் பக்கம், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். வக்கீலம்மாவிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கிற குகைக் கோயிலைப் பார்க்கப் போகிறவர்போல ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போயிருக்கிறார். பால் சொசைட்டியில் விசாரித்து, ரேஷன் கடை வரிசையில் நின்று, மாப்பிள்ளை கேப்பைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"விசாரிச்சேன். குடிக்கறதில்ல. சண்டை சச்சரவு இல்ல. ஒண்ணுமே கிடைக்கல."

"அப்ப நல்லதுதானே மேடம்?"

"ஒண்ணுமே கிடைக்கலையே, அதான் சந்தேகமா இருக்கு" என்றார்.

சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். அந்த மனிதரைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். இப்போது இரண்டு பிள்ளைகள்.

ஏழுமலை வழக்கு அந்தக் கல்யாணத்துக்கு முந்தினது.

முகையூர் பக்கத்து ஆள். மொபட்டில் பிளாஸ்டிக் குடம், வாளி, மக்கெல்லாம் கோபுரம்போலக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். ஒருநாள் மத்தியானம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏழு வயதுக் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்து இழுக்கிறார். குழந்தை அலறுகிறது. பத்தொன்பது செகண்ட் வீடியோ. படம் புள்ளி புள்ளியாக, மங்கலாக இருக்கும். மேலே சிவப்பு எழுத்தில் "பிள்ளை பிடிக்கிறவன். பெத்தவங்களே உஷார்" என்று போட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அதைப் பார்க்காத போன் இல்லை.

அதற்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அவரை அடித்துவிட்டது. வலது கை ஒடிந்தது. இடது காது அன்றோடு போனது. "வளையல் கடையில நின்னுக்கினு இருந்தேன், திரும்பிப் பாத்தா பாப்பாவக் காணம்" என்று அம்மாக்காரி ஓடிவந்தபோது குழந்தை ஒரு கடைப் பெஞ்சில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஏழுமலை ரோட்டில் கிடந்தார். "வழி தெரியாம நின்னுக்கினு இருந்துச்சுங்க. போலீஸ்ல உடலாம்னு கூட்டிக்கினு போனேன்" என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சாலை மறியல். எங்கள் கையில் ஒப்படையுங்கள், சுட்டுத் தள்ளுங்கள் என்று அட்டைகள். ஊரிலிருந்த ஒரு யூடியூப்காரர் ஸ்டேஷன் வாசலிலேயே மைக்கை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தார். வழக்கு கடத்தல் வழக்காயிற்று. எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். அந்த இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பின்னால் ஒருநாள் கோர்ட் மரத்தடியில் வக்கீலம்மாவிடம், "மேடம், அன்னிக்கு நான் கேஸ் போடலைன்னா ஊரு என் மேல கேஸ் போட்டிருக்கும்" என்றார்.

"நீங்க விசாரிச்சீங்களா?"

"எங்க மேடம் விசாரிக்கறது? மேலேர்ந்து போன், கீழ மறியல். ஒரே பேஜாரு."

ஏழுமலைக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல்களுக்குள் பேச்சு ஓடியது. அவர் மனைவி அஞ்சலை, இடுப்பில் நாலு வயதுப் பெண்ணோடு ஐந்து ஆபீஸ் படியேறி இறங்கிவிட்டு, ஆறாவதாக எங்களிடம் வந்தாள். வக்கீலம்மா காகிதத்தில் கோடு போட்டார். அஞ்சலை சொன்னதெல்லாம் வலது பக்கம் போயிற்று. கடைசியில் அஞ்சலை கேட்டாள்.

"அவரு அப்பிடிப்பட்டவர் இல்லம்மா. நீங்க நம்புறீங்களா?"

"வக்காலத்துல கையெழுத்து வாங்கணும். ஜெயிலுக்கு நாளைக்குப் போறேன்" என்றார் வக்கீலம்மா.

ஒரு வாரத்தில் அவருடைய படமும் போனில் சுற்ற ஆரம்பித்தது. "இவரும் ஒரு தாயா?" என்று கீழே எழுதியிருந்தது. நான்தான் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"தப்பா போட்டிருக்கான். நான் தாயே இல்லியே" என்றார். "எவன் போட்டான்னு தெரியுதா?"

"ஃபார்வர்டு மேடம். யாரு ஆரம்பிச்சாங்கன்னு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம் முழுக்க அந்தப் பத்தொன்பது செகண்டை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். சாயங்காலம் சொன்னார்: "இது முழுசு இல்ல. ஆரம்பமே நடுவுல இருக்கு. வாய் தொறந்த மாதிரியேதான் குழந்தை வருது. அதுக்கு முன்னால என்ன? இத எடுத்தவன் யாரு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு யாரு அனுப்பிச்சா?"

"எங்க தெரு குரூப்ல வந்துச்சு மேடம்."

"நீ யாருக்கு அனுப்பிச்ச?"

"நான் யாருக்கும் அனுப்பல."

போனைக் கேட்டார். கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் அனுப்பினதையெல்லாம் ஏற்கெனவே அழித்திருந்தேன். புதுக் காகிதத்தில் முதல் பெயராக என் பெயரை எழுதினார். அதற்கு மேலே, குரூப்பில் அதைப் போட்ட என் தெருப் பெண் ஒருத்தியின் பெயர்.

அதன் பிறகு ஏழு மாதம், கோர்ட் இல்லாத நாளெல்லாம் இதே வேலை. அனுப்பினவரைப் பிடிப்பது, அவருக்கு அனுப்பினவர் யார் என்று கேட்பது, அங்கிருந்து அடுத்த வீடு. தையல் கடை, மாவு மில், ஓய்வுபெற்ற வாத்தியார், செங்கல் சூளை மேஸ்திரி. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருமே பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். அந்த வாத்தியார் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு எச்சரிக்கைக்காக அனுப்பினேம்மா. உண்மையா இல்லாட்டியும் யாருக்கு என்ன நஷ்டம்?"

வக்கீலம்மா மோரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். "கை ஒடிஞ்சி ஒருத்தர் உள்ள இருக்காரு சார்" என்றார். வாத்தியார் உடனே, "அவன் பண்ணியிருப்பான்மா. நெருப்பில்லாம புகையுமா?" என்றார். அனுப்பினவரின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவந்தோம்.

இப்படி ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என்னால் தாங்க முடியவில்லை. "மேடம், நான் பொய் சொன்னேன். ரெண்டு குரூப்புக்கு அனுப்பினேன். 'இவன விடாதீங்க'ன்னு எழுதிகூடப் போட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

"எப்பிடி?"

"போன ஒரு கையால குடுக்கறவ நீ. அன்னிக்கு ரெண்டு கையால குடுத்த."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அந்த இரண்டு குரூப்பின் பெயரை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இருபத்துமூன்றாவது ஆளிடம் அது முடிந்தது. மயிலத்துக்குப் பக்கத்து ஊர். நர்சிங் படிக்கிற பெண். அவள் எடுத்தது ஏழுமலையை இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு சினிமாப் பாட்டுக்கு வாயசைத்துத் தன்னையே எடுத்துக்கொண்ட வீடியோ. தோழிக்கு அனுப்பியிருக்கிறாள். தோழியின் அண்ணன் பின்னால் நடப்பதைக் கவனித்து, அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி வெட்டி, சிவப்பு எழுத்தைப் போட்டிருக்கிறான். அதனால்தான் புள்ளி புள்ளியாக இருந்தது.

முழு வீடியோ ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட். அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஏழுமலை தெரிகிறார். அழுகிற குழந்தையிடம் குனிந்து பேசுகிறார். பையோடு போகிற ஒரு அம்மாளை நிறுத்திக் குழந்தையைக் காட்டிக் கேட்கிறார். அவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். கடைக்காரரிடம் கேட்கிறார். ஒரு பிஸ்கெட் பாக்கெட் வாங்கிக் கொடுக்கிறார். இரண்டு பக்கமும் பார்க்கிறார். அப்போது ஒரு பஸ் ரிவர்சில் குழந்தை நிற்கிற பக்கம் வருகிறது. குழந்தையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறார். குழந்தை அலறுகிறது. ஊர் பார்த்தது அங்கிருந்துதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பாருங்க மேடம், காப்பாத்தத்தான் இழுத்திருக்காரு!"

வக்கீலம்மா திரும்ப ஓட்டினார். "பிஸ்கெட் குடுத்துட்டு ஏன் ரெண்டு பக்கமும் பாக்கறான்?"

"போலீஸ் இருக்காங்களான்னு பாத்திருப்பாரு."

"அதான், எதுக்குப் பாத்தான்?"

அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. ஊருக்கு வந்த ஆத்திரம் அந்த நிமிஷம் எனக்கும் வந்தது, வேறு பக்கத்திலிருந்து.

அந்தப் பெண் சாட்சி சொல்லப் பயந்தாள். "நான் இந்த மாதிரி வீடியோ எடுக்கறது எங்கப்பாவுக்குத் தெரியாதுங்க மேடம். தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாரு." வக்கீலம்மா அவளிடமும் ஆறுதல் சொல்லவில்லை. "நீ வந்தா தெரியத்தான் செய்யும். தெரியாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆளு எட்டு மாசமா உள்ள இருக்கான், ரெண்டு தடவ ஜாமீன் கிடைக்கல. ரெண்டையும் வெச்சி நீயே யோசி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். சாட்சி நாளன்று அந்தப் பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் அந்தப் போன். அவள் படிப்பு நிற்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

விசாரணையில் எனக்கு மறக்காதது குழந்தையின் அம்மா சாட்சி சொன்ன நாள். கூலி வேலை செய்கிற பெண். கூண்டில் ஏறினதிலிருந்து முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"இவரு உங்க குழந்தைய இழுத்துக்கினு போனத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"பாத்தேங்க."

"எங்க நின்னு பாத்தீங்க?"

முந்தானையை முறுக்கின கை நின்றது.

"போன்ல பாத்தேங்க."

"அதுக்கு முன்னால, குழந்தை பெஞ்சுல இருந்தப்ப, இவரு கடத்தப் பாத்தாருன்னு உங்களுக்குத் தோணுச்சா?"

"அப்ப ஒண்ணும் தோணலைங்க. அப்பறம் எல்லாரும் வந்து வந்து சொன்னாங்க. சொல்லச் சொல்ல எனக்கு ராவும் பகலும் ஒடம்பு நடுங்கிச்சி." அவள் ஏழுமலை நின்ற பக்கம் பார்த்தாள். பிறகு நீதிபதியிடம், "எனக்குத் தெரியலைங்கய்யா" என்றாள்.

குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனை எதிரிக்கு, அதாவது ஏழுமலைக்கு, அளித்து விடுதலை என்று தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் வெளியே அதை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. "சந்தேகம்" என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அன்று மத்தியானமே போனில் வந்தது: "ஆதாரம் இல்லாம தப்பிச்சான்." முழு வீடியோவை நான் அதே இரண்டு குரூப்பிலும் போட்டேன். ஒருத்தி கைகூப்பின படம் அனுப்பினாள். அவ்வளவுதான். அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

விடுதலையான மறுநாள் ஏழுமலை ஆபீசுக்கு வந்தார். ஒடிந்த கை கோணலாகச் சேர்ந்திருந்தது. வக்கீலம்மாவின் காலில் விழப்போனார். இவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஊரு என்னா வேணா சொல்லட்டும்மா. நான் அந்த மாதிரி ஆளில்லன்னு நீங்க நம்பித்தானே வாதாடினீங்க?" நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார் வக்கீலம்மா. "நான் அங்க இல்ல."

ஏழுமலை கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். செருப்பு ஒரு படியில் நழுவின சத்தம் கேட்டது. நான் டைப் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன?" என்றார்.

"ஒரு வார்த்தைதானே மேடம்?"

"அந்த ஒரு வார்த்தையிலதான் ஊரே அவன அடிச்சது" என்றார். "நம்புறோம், நம்புறோம்னு."

நான் டைப் வேலைக்குத் திரும்பினேன்.

நாலைந்து மாதம் கழித்து அஞ்சலை வந்தாள், தனியாக. குடம் விற்க எந்த ஊருக்குள் போனாலும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள் என்றாள். மொபட் அப்படியே நிற்கிறது. ஏழுமலை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் களை எடுக்கிறார்.

"அதுகூடப் பரவால்லம்மா. எங்க பொண்ணையே தூக்க மாட்டங்கறாரு. அது மேல வந்து ஏறினா எழுந்து வெளிய போயிடறாரு. 'யாராச்சும் பாத்தா'ங்கறாரு. எங்க ஊட்லதான் இருக்கோம், யாரு பாக்கப் போறாங்க? நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு. நீங்க நம்பறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு காலை வக்கீலம்மா எனக்குப் போன் பண்ணி, "முகையூர் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். ஒரே தடவைதான் கேட்டார்.

வீட்டுக்குப் பின்புறம் குடங்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஏழுமலை வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பெண் குழந்தை தள்ளி, சுவரோரம், தனியாக உரித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஏழுமலை எழுந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

வக்கீலம்மா உட்காரவில்லை. அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய் நின்றார்.

"ஏழுமலை, அந்த வீடியோவ நான் எத்தனை தடவ பாத்தேன்னு எனக்கே தெரியாது. நீ அந்தக் குழந்தையக் காப்பாத்தத்தான் பாத்த. நான் நம்புறேன்."

ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த வீடியோவை நானும் அனுப்பினேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஏழுமலை அவரைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற அஞ்சலையைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"இவ வந்து சொல்லச் சொன்னாளாம்மா?"

"இல்ல" என்றார் வக்கீலம்மா.

"அப்ப அன்னிக்கி ஏன் சொல்லல?"

கோர்ட்டில் எந்தக் கேள்விக்கும் மறு கேள்வி வைத்திருப்பவர். கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது, ஏற்றிவிடக்கூட இல்லை.

"பரவால்லம்மா" என்றார் ஏழுமலை, எங்கள் மேலேயே பரிதாபப்பட்டதுபோல. "வெயில்ல வந்திருக்கீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

அஞ்சலை டீ கொண்டுவந்தாள். வக்கீலம்மா முகர்ந்து பார்க்காமல் குடித்தார். ஏழுமலை நாங்கள் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். குழந்தை டம்ளரை வாங்க ஓடிவந்தபோது ஓரடி விலகி வழிவிட்டார்.

அடுத்த தை மாதம் அவர்கள் அந்த ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். புதுச்சேரிப் பக்கம் என்றார்கள் சிலர், பெங்களூர் என்றார்கள் சிலர். யாரும் பார்த்துச் சொன்னதில்லை.

முகையூரிலிருந்து அன்று திரும்பும் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊர் நெருங்கும்போது கேட்டேன்.

"நீங்க உண்மையாவே நம்புறீங்களா மேடம்?"

பஸ் நின்று, ஆட்கள் இறங்க ஆரம்பித்த பிறகுதான் திரும்பினார்.

"நான் நம்புறதும் நம்பாததும் இருக்கட்டும்" என்றார். "அவன் நம்பலியே."

கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கிப் போனார்.